புதர் வேருக்கு ஈடுகொடுக்கும் பயிர்கள்

சுங்கை ஊடாங் வட்டாரத் தோட்டப்புறங்களில் வீட்டின் பின்புறத்தில் காய்கறி பயிரிட முனைவோருக்கு முதல் எதிரி புதர்ச்செடியே. உண்ணிச்செடியும், மலாய்க்காரர்கள் 'போக்கோ கப்பால் தெர்பாங்' என வழங்கும் செடியும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. முன்னதன் விதையைப் பறவைகளும் பின்னதன் விதையைக் காற்றும் பரப்புகின்றன. உண்ணிச்செடியின் இலை ஆடுமாடுகளுக்கு நஞ்சு என்பதையும் கால்நடை வளர்ப்போர் மறத்தலாகாது.

இச்செடிகளை வெட்டினால் மட்டும் போதுமா? போதாது. அடிக்கட்டையிலும் வேரிலும் சேமித்த உணவைக் கொண்டு அவை மீண்டும் துளிர்க்கின்றன. புதிய இலை வெயிலைப் பெற்றதும் வேர் மறுபடியும் வலுப்பெறுகிறது. அத்தகைய நிலத்தில் உடனே கீரையையோ மிளகாயையோ விதைத்தால், அவற்றின் இளவேர்கள் நீருக்கும் உரத்துக்கும் புதர்வேருடன் போட்டியிட இயலாமல் நலிந்துவிடும்.

ஆகவே முதலில் நடவேண்டியவை, விரைந்து வளர்ந்து நிழல் பரப்பும் பயிர்களே. இவ்வுண்மையை ரப்பர்த் தோட்டங்கள் நெடுநாளாகக் கைக்கொண்டு வருகின்றன. இளமரங்களுக்கு இடையே பியுரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூடுகொடிகளை வளர்ப்பது இதனாலேயே. அவை களைக்கு வெயிலை மறைப்பதோடு, வேர் முடிச்சுகளின் வாயிலாகத் தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கின்றன. ஆயினும் மரத்தின்மேலும் படரும் அக்கொடிகள் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றவையல்ல.

வீட்டு நிலத்துக்குச் சர்க்கரைவள்ளிக் கொடியே சிறந்த தொடக்கம். புதரின் அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுத்து, வெயிலில் நன்கு உலர்த்திவிட வேண்டும். பின்னர் மண்ணை வரப்பாக அணைத்து, கொடித்துண்டுகளை ஓரடி இடைவெளியில் நடலாம். கொடி தரையை மூடிவிட்டால் களைவிதைகளுக்கு வெயில் கிட்டாது. கிழங்கு உணவாகும், தளிரிலை கீரையாகும். பூசணியும் இவ்வாறே பரந்து படரும். ஓரங்களில் வாழைக்கன்றுகளை நட்டால் அவற்றின் அகன்ற இலைகள் நிழல் தரும். வேலியோரத்தில் செராய்ப் புல்லை நெருக்கமாக நட்டால், அதன் அடர்ந்த வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்ளும்.

மரவள்ளியும் புதரை வெல்லக்கூடியதே. ஆனால் இதில் மலாக்கா மாநிலத்தின் வரலாறு நமக்கோர் எச்சரிக்கை. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிடுவதற்கு முன்பே, இம்மாநிலத்தில் மரவள்ளி பெருமளவில் விளைந்தது. ஓய்வின்றிப் பயிரிட்டதால் மண் வளமிழந்தது. கைவிடப்பட்ட நிலங்களில் லாலான் புல் மண்டியது. களையை வென்ற பயிரே நிலத்தை மற்றொரு களைக்கு விட்டுக்கொடுத்தது! எனவே ஒருமுறை மரவள்ளி எடுத்த இடத்தில் அடுத்து நிலக்கடலையையோ காராமணியையோ பயிரிட்டு, மக்கிய கோழி எருவும் இட்டு, மண்ணின் வளத்தை மீட்க வேண்டும்.

எப்பயிரை நட்டாலும் முதல் சில மாதங்கள் கவனம் தேவை. பயிர் நிலத்தை மூடும்வரை, துளிர்க்கும் புதரை வாரந்தோறும் வேரோடு பிடுங்குதல் நலம். எஞ்சியவற்றைப் பூக்குமுன் அகற்றிவிட்டால், அடுத்த பருவத்துக்கு விதை விழாது. ஓரிரு பருவங்களில் புதர்வேர் ஓய்ந்தபின் கீரையும் மிளகாயும் கத்தரியும் அதே மண்ணில் செழித்து வளரும். நாம் உண்ணும் காய்கறியின் ஒரு பகுதியையேனும் நம் வீட்டு நிலமே தருமாயின், குடும்பச் செலவு குறையும். பிள்ளைகளின் உடல்நலமும் பெருகும்.