வெள்ளலூர்க் காற்றும் செப்டிக் டேங்க் வாயுவும்

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும்போது கோவையின் வெள்ளலூர் குப்பைக்கிடங்கு என்று ஒன்று இருப்பதே மதுக்கரையில் எங்களுக்கு மறந்துபோகும். நாற்றம் கிழக்கே போய்விடும். அதை அனுபவிப்பவர்கள் அந்தப் பக்கத்து ஜனங்கள். மார்கழி, தையில் கீழ்காற்று திரும்பினால்தான் எங்கள் தெருவிலும் ஜன்னலைச் சாத்துவார்கள்.

2024 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீர் அடித்தும் ஓரிடத்தில் அணைந்தால் இன்னோரிடத்தில் புகைந்தது. எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அந்த வாரம் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏனுங் டீச்சர், அத்தனை தண்ணி ஊத்தியும் அணைய மாட்டேங்குதே, அதென்னங்க?"

"அடியில வாயு இருக்குதுங்கண்ணா" என்றேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த எனக்கு, அந்த ஒரு வரியோடு விட மனம் வரவில்லை.

எங்கள் தோட்டத்து எருக்குழியில் சாணியும் தழையும் கிடந்து மக்கும். அப்பாரு அவ்வப்போது மண்வெட்டியால் கிளறிவிடுவார். காற்று படுகிற இடத்தில் மக்கினால் வெளிவருவது பெரும்பாலும் கரியமில வாயு. அதே சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக் கவருக்குள் முடிச்சுப் போட்டுக் குப்பைக்கு அடியில் புதைந்தால், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் அதைத் தின்று மீத்தேனை விடும். நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் சுமார் 28 டன் கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 டன்னுக்கு மேல். அது எரியவும் செய்யும்.

குப்பை எவ்வளவு உயரம் என்பதும் முக்கியம். உலக நாடுகள் பின்பற்றும், ஐ.நா. பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் கணக்கு முறையில், பராமரிப்பில்லாத குப்பைமேடு 5 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் மீத்தேனுக்கு ஒரு பங்கு. 5 மீட்டரைத் தாண்டினால் அதே குப்பைக்கு இரண்டு பங்கு. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த குப்பையை நகரங்கள் ஒரே இடத்தில் மலையாகக் குவித்தபோது, குப்பை கூடாமலே வாயு கூடியது. அந்த வாயு உடனே நிற்பதுமில்லை. நம்முடையது போன்ற வறண்ட வெப்பப் பகுதிகளில், புதைந்த உணவுக்கழிவு பாதியாகக் குறையவே எட்டு ஆண்டுகள் ஆகும் என்பது அதே முறையின் கணக்கு.

இந்தியா ஐ.நா.வுக்கு அனுப்பிய முதல் அறிக்கையின்படி, 1994-ல் குப்பையும் கழிவுநீரும் சேர்ந்த கழிவுத் துறை வெளியிட்ட வாயு, கரியமில வாயுவுக்குச் சமமான கணக்கில் 2.32 கோடி டன். பிறகு வந்த கணக்கில் 2007-க்கு 5.77 கோடி டன். 2024 இறுதியில் அனுப்பிய அறிக்கையில் 2020-க்கான கணக்கு சுமார் 7.5 கோடி டன். கால் நூற்றாண்டில் மூன்று மடங்குக்கு மேல். இடையில் கணக்கிடும் முறையும் தரவும் மாறியிருப்பதால் ஏற்றம் முழுவதையும் குப்பையின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் நகரங்கள் பெருத்ததும் நம் குப்பைக்கூடை கனத்ததும் பொய்யில்லை. நாட்டின் மொத்த வெளியீட்டில் இது இரண்டரை சதவீதம்தான் என்பதால் அனல்மின் நிலையங்களுக்குப் பின்னால் மறைந்துகிடக்கிறது.

என்னை உலுக்கியது 2007 கணக்கின் உட்பிரிவு. அந்த 5.77 கோடி டன்னில் நகரக் குப்பையின் பங்கு வெறும் 1.27 கோடி டன். வீட்டுக் கழிவுநீர் 2.3 கோடி. ஆலைக் கழிவுநீர் 2.2 கோடி. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கும் குப்பைமேட்டைவிட, குளியலறைக்கும் கக்கூஸுக்கும் பின்னால் ஓடுவதுதான் பெரிது!

எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குச் செப்டிக் டேங்க்தான். கான்கிரீட் மூடிக்குக் கீழே, காற்றில்லாத இருட்டில், குப்பைமேட்டின் அடியில் நடப்பதே நடக்கிறது. மூடியோரம் நிற்கும் அந்த ஒல்லிக் குழாய் வழியாக மீத்தேன் வானத்துக்குப் போகிறது. கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. தொட்டிக்குள் இறங்கிய மனிதர்களை ஒரே மூச்சில் சாய்ப்பது அது. மலக்கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டத்துக்குப் பிறகும் தமிழ்நாட்டில் இந்தச் சாவு நிற்கவில்லை. பருவநிலை மாற்றத்தைப் பேசும்போது இந்தச் சாவுகளைத் தனியாக ஒதுக்கிவைக்க என்னால் முடியாது. தொட்டியும் ஒன்றுதான், காற்றில்லாத அந்த அழுகலும் ஒன்றுதான்.

பாதாளச் சாக்கடை போட்டு, உக்கடம் போன்ற சுத்திகரிப்பு நிலையத்துக்கு நீரைக் கொண்டுபோய்க் காற்றுச் செலுத்திச் சுத்தம் செய்தால் மீத்தேன் வெகுவாகக் குறையும். ஆலைக் கழிவுக்கு வழி நம் பக்கமே இருக்கிறது: சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் பல, கிழங்குக் கழிவுநீரை மூடிய தொட்டியில் தேக்கி, வரும் வாயுவைப் பிடித்து ஆலைக்கே எரிபொருளாக்குகின்றன.

ஜெர்மனி 2005 ஜூனிலிருந்து, பதப்படுத்தாத கழிவைப் புதைப்பதைத் தடைசெய்தது. 1990-ல் சுமார் 4 கோடி டன்னாக இருந்த அதன் கழிவுத் துறை வெளியீடு இன்று ஒரு கோடிக்கும் கீழே. மீத்தேன் காற்றில் தங்குவது ஏறக்குறைய 12 ஆண்டுகளே. இன்று நிறுத்தினால், இன்று பள்ளியில் சேரும் பிள்ளை பிளஸ் டூ முடிப்பதற்குள் பலன் தெரியும். கரியமில வாயுவைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

மதுக்கரை சிமெண்ட் ஆலைச் சூளையில் பிளாஸ்டிக் கழிவை நிலக்கரிக்குப் பதிலாக எரிக்கிறார்கள், நல்லதே. ஆனால் மீத்தேன் தருவது கவர் அல்ல, கவருக்குள் இருக்கும் சோறு. அதனால் ஆகவேண்டிய வேலை அடுப்படியிலும் கல்யாண மண்டபத்திலும்தான் இருக்கிறது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்திலேயே உரமாகவோ வாயுவாகவோ ஆக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. ஒரு முகூர்த்த நாளில் விழும் எச்சில் இலை மட்டுமே அந்த 100 கிலோவைத் தாண்டும். மண்டபம் பேசப் போகிறவர்கள் வாடகையும் பார்க்கிங்கும் விசாரிக்கும்போதே, "பந்தி முடிஞ்சா இலை எங்கீங்க போகுது?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.