குறுக்கெழுத்தில் ஒளிந்திருக்கும் ஏற்காடு

‘இடமிருந்து வலம்: தமிழ்நாட்டு மலைவாசஸ்தலம் (4)’ என்று கேட்டால் என்ன எழுதுவீர்கள்? ஏற்காடு என்று எழுதலாம். குன்னூர் என்றும் எழுதலாம். வால்பாறையும் சரியாகப் பொருந்தும். மூன்றுமே நான்கு எழுத்து. எது சரி என்று தெரிய, குறுக்கே வரும் மற்ற சொற்களுக்காகக் காத்திருக்க வேண்டும். நம் வார இதழ்களில் வரும் குறுக்கெழுத்துப் புதிர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இன்னொரு வகை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குக் கிரிப்டிக் கிராஸ்வேர்ட் என்று பெயர். அதில் குறிப்பைப் படித்தாலே ஒரே ஒரு விடைதான் வரும். குறிப்பிலேயே விடைக்கான நிரூபணமும் இருக்கும். இந்தப் புதிர்களை எப்படி விடுவிப்பது, அதில் கம்ப்யூட்டர் எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பதைப் பார்ப்போம். உதாரணங்கள் எல்லாம் சேர்வராயன் மலையையும் ஏற்காட்டையும் மனதில் வைத்து நானே அமைத்தவை.

கொஞ்சம் வரலாறு

முதல் குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் வந்தது. அமைத்தவர் ஆர்தர் வின். சொல் விளையாட்டு வகை 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. நம் ஊரில் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் 1971-ல் இதைத் தொடங்கியது. அதன் முதல் புதிர் ஆசிரியர், இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரான அட்மிரல் ராம் தாஸ் கடாரி. தமிழில், கலிபோர்னியாவிலிருந்து 2000-ல் வெளிவரத் தொடங்கிய ‘தென்றல்’ மாத இதழில் வாஞ்சிநாதன் இத்தகைய புதிர்களை அமைத்தார்.

ஆனால் இந்த விளையாட்டு நமக்குப் புதிதல்ல. பழைய தமிழ்க் கணக்கில் ‘அ’ என்றால் எட்டு, ‘வ’ என்றால் கால். எனவே எட்டேகால் என்றால் ‘அவ’. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இதை வைத்துத்தான் ஒருவரை ‘அவலட்சணம்’ என்று மறைமுகமாகத் திட்டுகிறது. காளமேகத்தின் சிலேடைகளும் இந்த வம்சம்தான்.

குறிப்பின் இரண்டு பாதிகள்

ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று விடையின் நேரடிப் பொருள். இது குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் வராது. மற்றது அதே விடையை எழுத்துகளால் கட்டிக் காட்டும் பகுதி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சாதாரண வாக்கியம் போலத் தெரியும். அதுதான் பொறி! அடைப்புக்குறியில் உள்ள எண், விடையின் எழுத்து எண்ணிக்கை. முக்கிய வகைகள் இவை:

1. ஒளிதல்: ‘அக்கா பிழிந்ததில் ஒளிந்திருக்கும் பானம் (2)’. பழச்சாறு என்று நினைக்கத் தோன்றும். ‘அக்கா பிழிந்ததில்’ என்ற எழுத்துகளைத் தொடர்ந்து பாருங்கள். நடுவே ‘கா’, ‘பி’. விடை காபி. ஏற்காட்டில் விளைவதும் அதுதான்.

2. வால் நீங்குதல்: ‘குளிர் கடைசியில் நீங்கியதும் நீராடு (2)’. குளிர் என்பதில் கடைசி எழுத்து நீங்கினால் குளி. நீராடு என்பதும் அதுவே.

3. கலைதல்: ‘கலைந்தது கனவாம், மலையேற உதவுவது (4)’. க, ன, வா, ம் ஆகிய நான்கையும் கலைத்து அடுக்கினால் வாகனம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட அது தேவைதானே!

4. திரும்புதல்: ‘காலை திரும்பியதும் விண்வெளிக்குப் போன நாய் (2)’. கா, லை என்பதைத் திருப்பினால் லைகா. 1957-ல் ஸ்புட்னிக்-2 விண்கலத்தில் ரஷ்யர்கள் அனுப்பிய நாய்.

5. சிலேடை: ‘திகைத்து நில், உயர்ந்து நிற்பது (2)’. இரண்டுக்கும் ஒரே சொல்: மலை.

கடினமான குறிப்பு

இப்போது பெரிய மீனைப் பிடிப்போம்.

‘முடியாத காற்று திரும்பி ஏட்டுக்குள் நுழையும் மலையூர் (4)’

முதல் வேலை, இது தரும் காட்சியை மறந்துவிடுவது. ஓயாத மலைக்காற்றும் புரளும் பக்கங்களும் நம்மை ஏமாற்றத்தான். நேரடிப் பொருள் கடைசியில் இருக்கிறது: மலையூர். மற்றதை ஒவ்வொரு சொல்லாகப் பிரியுங்கள்.

‘முடியாத காற்று’ என்றால் முடிவு இல்லாத ‘காற்று’. கடைசி எழுத்தான ‘று’ போய்விட்டது. மீதி கா, ற். ‘திரும்பி’ என்றதால் ற், கா. ‘ஏட்டுக்குள்’ என்பதில் மூலச் சொல் ஏடு. வேற்றுமை உருபு சேரும்போது ‘ஏட்டு’ என இரட்டித்திருக்கிறது. தமிழ்ப் புதிர்களில் இப்படித் திரிந்த சொல்லைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரப் பழகிக்கொள்வது அவசியம். ‘ஏ’, ‘டு’ இரண்டுக்கும் நடுவே ‘ற்கா’ நுழைந்தால் ஏ-ற்-கா-டு. ஏற்காடு!

குன்னூரும் வால்பாறையும் நான்கு எழுத்துதான். ஆனால் அவை ஏட்டுக்குள் அடங்கா. விடை கிடைத்த பிறகு சந்தேகமே எழாது. இதுதான் இந்த வகைப் புதிரின் நேர்மை.

கம்ப்யூட்டர் எங்கே தடுமாறுகிறது?

இதே ‘ஏற்காடு’ என்பதை எக்செல்லில் டைப் செய்து, ‘லென்’ பங்ஷன் மூலம் நீளத்தைக் கேளுங்கள். 4 என்று வராது, 7 என்று வரும். காரணம் யூனிகோட். அது தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரவில்லை. ஏ, ற, புள்ளி, க, துணைக்கால், ட, உகரக் குறி என ஏழு துண்டுகளாகத்தான் இந்தச் சொல் சேமிக்கப்படுகிறது. ‘காலை’ என்பதைத் துண்டு துண்டாகத் திருப்பச் சொன்னால் லைகா வராது. முன்னால் ஒட்டாத ஓர் ஐகாரக் குறியும், அதன் பின் ‘லாக’ என்பதும்தான் வரும்.

புதிர்க் கட்டம் அமைக்கும் சாப்ட்வேர் ஒன்றை நான் முயன்றபோது, அது ஏற்காட்டுக்கு ஏழு கட்டம் போட்டு, ஒரு கட்டத்தில் வெறும் புள்ளியை மட்டும் வைத்தது. விளையாடும் சிறுவன் புள்ளியைத் தனி எழுத்து என்று நினைத்துவிட்டால்? எழுத்து எது என்பதே தப்பாகிவிட்டால் புதிரில் நியாயம் ஏது? தமிழக அரசு 2010-ல் அறிவித்த டேஸ்-16 குறியீட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் உண்டு. ஆனால் இணையமும் செல்போனும் யூனிகோடில்தான் இயங்குகின்றன. எனவே அதையே வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

வழி இதோ!

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில், வரிக்கு ஒரு சொல்லாகச் சொற்பட்டியல் ஒன்றைத் தயார் செய்யுங்கள். கண்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்தினால் தேடும் பெட்டி வரும். ‘அதர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். ஒரு தமிழ் எழுத்துக்கான வாய்பாடு இது:

[ஃ-ஹ][ா-்]*

ஓர் உயிரோ மெய்யின் உருவமோ, அதன் பின் குறி இருந்தால் அதுவும் சேர்த்து ஒரே எழுத்து என்று இதற்குப் பொருள். குறிகள் தனியாக நிற்பதால் திரையில் புள்ளி வட்டம் தெரியலாம், கவலை வேண்டாம். முதல் எழுத்து ஏ, மூன்றாவது கா, மொத்தம் நான்கு என்று கட்டத்தில் தெரிந்தால் இப்படித் தேடுங்கள்:

^ஏ[ஃ-ஹ][ா-்]*கா[ஃ-ஹ][ா-்]*$

‘ஃபைண்ட் ஆல்’ கொடுத்தால், பட்டியலில் உள்ள ஏற்காடு சிக்கும், ஐந்தெழுத்து ஏலக்காய் சிக்காது. க்ஷ, ஸ்ரீ ஆகிய இரண்டை மட்டும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும். புதிரில் அவை ஒரே எழுத்து, இந்த வாய்பாட்டில் ஒன்றுக்கு மேல்.

கம்ப்யூட்டர் இவ்வளவுதான் செய்யும். அது பொருந்தும் சொற்களைத் தரும். ‘முடியாத காற்று’ என்பது காற்றின் வாலை வெட்டச் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. ஆகவே முதலில் பென்சில், பிறகு மவுஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இரண்டு

1. தலையிழந்த குதிரை மானிட்டரில் இருப்பது (2)
2. கூடு, கால், அரசன் - மூன்றும் மலையுச்சித் தெய்வம் (6)

இரண்டாவதற்கு எட்டேகால் கணக்கை நினைவில் கொள்ளுங்கள்.

விடைகள்: 1. திரை (குதிரையில் ‘கு’ நீங்கியது). 2. சேர்வராயன் (கூடு = சேர், கால் = வ, அரசன் = ராயன்).