உலகத் தமிழ் மாநாடும் துறையிடை ஆராய்ச்சியும்

தோற்றுவாய்

அறிஞர் ஓரிடத்துக் கூடி ஆராய்தல் தமிழர்க்குப் புதியதன்று. சங்கம் என்னும் சொல்லே கூட்டத்தைக் குறிப்பது. ஆயின், பல நாட்டினரும் பல துறையினரும் ஒரு பொருளை நடுவில் வைத்து, தத்தம் நெறியால் நோக்கி, கண்டவற்றைச் சான்றுகாட்டி நிறுவும் அனைத்துலக மாநாடு, இருபதாம் நூற்றாண்டில் தமிழாராய்ச்சிக்கு வாய்த்த புதிய கருவியாகும். இக்கருவியின் பயனைப் பலர் பலவாறு மதிப்பர். வந்த பேராளர் எத்துணையர், படிக்கப்பெற்ற கட்டுரை எத்துணை, கூடிய மக்கள் எத்துணையர் என்று எண்ணி மதிப்பாரும் உளர். யாம் ஈண்டு வேறொரு வினாவை எழுப்ப விழைகின்றோம். மாநாடு முடிந்து, மலரும் வெளிவந்த பின்னர், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு அதனால் விளைந்தது யாது? இவ்வினாவை அளவுகோலாகக் கொண்டு உலகத் தமிழ் மாநாட்டின் வரலாற்றை நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மாநாடு தோன்றிய வரலாறு

கீழ்த்திசை ஆராய்ச்சியாளரின் அனைத்துலக மாநாடு 1873ஆம் ஆண்டு பாரிசு நகரில் முதன்முதலாகக் கூடியது. எகிப்து முதல் சப்பான் வரையிலான நாடுகளின் மொழியும் வரலாறும் அங்கு ஆராயப்பெற்றன. அப்பெருங்கடலுள் தமிழுக்குக் கிடைத்த இடம் சிறிது. அதன் இருபத்தாறாம் மாநாடு 1964ஆம் ஆண்டு சனவரித் திங்களில் புதுதில்லியில் நடைபெற்றபொழுது, அங்கு வந்திருந்த தமிழாராய்ச்சியாளர் தனியே கூடி, சனவரி 7ஆம் நாள் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினர். தனிநாயகம் அடிகள் இம்முயற்சிக்கு உயிராய் நின்றார். பிரெஞ்சுப் பேராசிரியர் பிலியோசா மன்றத்தின் முதல் தலைவரானார்.

மன்றத்தின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் நாள்களையும் நகரங்களையும் கூறி அமைவர். முன்னின்றோர் எத்துறையினின்று வந்தனர் என்பதை நோக்குதல் அதனினும் பயனுடைத்து. பிலியோசா மருத்துவம் பயின்றவர். கண் மருத்துவராக இருந்தவர். இந்திய மருத்துவ நூல்களின் ஆராய்ச்சி வழியாக இந்திய இயலுக்கு வந்தவர். 1955இல் புதுச்சேரியில் அவர் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் வடமொழி, தமிழ்ச் சுவடிகளை ஆராய்வோரும் காடுகளின் செடிகொடிகளை ஆராய்வோரும் ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றினர். தனிநாயகம் அடிகளோ அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ் பயின்று, பின்னர் இலண்டனில் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இலங்கைப் பல்கலைக் கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராகவும், பின் மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறையின் தலைவராகவும் விளங்கியவர். அக்காலத் தமிழாராய்ச்சியாளர் அனைவர்க்கும் கைந்நூலாக விளங்கிய திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை 1961இல் வெளியிட்ட இருவருள், பரோ ஆக்சுபோர்டின் வடமொழிப் பேராசிரியர்; எமனோ நீலகிரியில் தோதவர், கோத்தர் இடையே வாழ்ந்து அவர்தம் மொழியைக் கேட்டு எழுதிய மொழியியலார்.

இவற்றால் பெறப்படுவது ஒன்று உண்டு. தமிழ் கற்றோர் மட்டும் கூடித் தமிழுக்கு அமைத்த மன்றமன்று இது. வேறு துறையினின்று வந்தோர், தத்தம் வினாவுக்கு விடை தேடித் தமிழிடம் வந்தடைந்தமையால் அமைந்தது. துறைகளின் சந்திப்பு அதன் அணியன்று; அடித்தளமாகும்.

முதல் மாநாடு 1966ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் கோலாலம்பூரில் கூடியது. அதன்பின் 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும், 1981இல் மதுரையிலும், 1987இல் மீண்டும் கோலாலம்பூரிலும், 1989இல் மொரீசியசிலும், 1995இல் தஞ்சாவூரிலும் கூடியது. இருபதாண்டு இடைவெளிக்குப் பின் 2015இல் கோலாலம்பூரிலும், 2019இல் சிகாகோவிலும் நடைபெற்றது.

அடுக்கலும் கலத்தலும்

பாரிசு மாநாடு நிகழ்ந்த அதே 1970ஆம் ஆண்டில், அதே பிரெஞ்சு நாட்டில், நீசு நகரப் பல்கலைக் கழகத்தில் வேறொரு கருத்தரங்கு செப்டம்பர்த் திங்களில் நடைபெற்றது. அது தமிழ் பற்றியதன்று. பல்கலைக் கழகங்களில் துறைகள் ஒன்றோடொன்று உறவு கொள்ளுமாறு பற்றியது. குழந்தை உளவியலில் பெரும்பெயர் பெற்ற பியாசே முதலியோர் அதில் பங்கேற்றனர். அங்குத் தெளிவாக வகுக்கப்பெற்ற வேறுபாடு நமக்கும் பயன்படுவது. பல துறைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்குதல் ஒன்று. ஒரு துறையின் முறையும் கருத்தும் மற்றொன்றைத் தொட்டு மாற்றுதல் மற்றொன்று. முன்னதைப் பல்துறை எனலாம். பின்னதைத் துறையிடை எனலாம். அடுக்கிய செங்கல் சுவராவதில்லை. இடையில் சாந்து வேண்டும்.

நம் மாநாடுகளில் எது நிகழ்ந்தது? இரண்டும் நிகழ்ந்தன என்பதே நேர்மையான விடை. கலத்தல் நிகழ்ந்தவிடத்து விளைந்த பயனுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் காண்போம்.

குகையும் ஏடும்

பாண்டிநாட்டு மலைக்குகைகளில் பிராமி எழுத்தால் வெட்டப்பெற்ற சிறு கல்வெட்டுகள் பல உள்ளன. அவை எம்மொழியின என்பது நெடுநாள் விளங்கவில்லை. 1924இல் சென்னையில் நடைபெற்ற அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் ஒரு கட்டுரை படித்தார். அவ்வெழுத்துகளுள் தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்கும் வடிவங்கள் உள என்றும், அவற்றின் மொழி தமிழே என்றும் அவர் காட்டினார். கல்வெட்டுத் துறையில் இருந்த ஒருவர், ற, ன, ழ, ள என்னும் எழுத்துகள் வடமொழியில் இல்லை என்னும் இலக்கண அறிவை எழுத்தாராய்ச்சிக்குத் துணையாகக் கொண்டமையால் விளைந்த பயன் இது. எனினும், அன்று தமிழ்த்துறைகள் இதனை உடனே பற்றிக்கொள்ளவில்லை.

ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து, இந்திய ஆட்சிப் பணியில் இருந்த ஐராவதம் மகாதேவன் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள கல்வெட்டு, சமணத் துறவி ஒருவருக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தியைக் கூறுவது. கொடுத்தவன் இளங்கடுங்கோ, அவன் தந்தை பெருங்கடுங்கோன், அவன் தந்தை கோ ஆதன் செல்லிரும்பொறை என மூன்று தலைமுறை அதில் குறிக்கப்பெறுகின்றது. எழுத்து வடிவை மட்டும் அறிந்தார்க்கு இவை மூன்று பெயர்கள், அவ்வளவே. பதிற்றுப்பத்தினை அறிந்தார்க்கோ ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் இரும்பொறை மரபினர் நினைவுக்கு வருவர். இவ்விரண்டனையும் இணைத்து நோக்கியமையால், புலவர் பாடிய சேர மரபு பாறையில் சான்று பெற்றது. எழுத்தமைதி கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிக்க இயலுமாதலின், பாடல்களின் கால ஆராய்ச்சிக்கும் ஒரு பிடி கிடைத்தது.

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்னும் தொல்காப்பிய விதியும் இத்தகையதே. தமிழாசிரியர்க்கு அது இலக்கண நூற்பா. மனப்பாடம் செய்து ஒப்பித்த ஒன்று. கல்வெட்டாராய்வார்க்கோ அது எழுத்து வரலாற்றின் ஒரு படிநிலையைக் குறிக்கும் சான்று. மிகப் பழைய குகைக் கல்வெட்டுகளில் புள்ளி இல்லை. பிற்பட்ட சிலவற்றில் உண்டு. வகுப்பறையில் ஒப்பித்த விதி பாறையின்மேல் நிகழ்ந்த மாற்றமாகக் காட்சி தருகின்றது.

பெயரும் நிலமும்

இனி, சோழர் கல்வெட்டுகளை நோக்குவோம். அவற்றை மெய்க்கீர்த்திக்காகவும் அரசர் வரலாற்றுக்காகவும் படித்தலே முன்னைய வழக்கம். சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா வேறொரு வினாவோடு வந்தார். நிலம் யாரிடம் இருந்தது என்பதே அவ்வினா. 1966இல் வெளியான கட்டுரையில் திருச்சிராப்பள்ளிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு ஊர்களை அவர் ஒப்பிட்டார். பிராமணர் அல்லாதார் ஊராகிய அல்லூரில் நிலம் பொதுவுடைமையாகவும், பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் தனியுடைமையாகவும் விளங்கின என்று கல்வெட்டுகளின் வழியே அவர் காட்டினார். பின்னர்ச் சுப்பராயலு, மட்சுயி ஆகியோரோடு சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.

உடையான், வேளான், மூவேந்தவேளான் என்னும் பெயரொட்டுகளைத் தமிழாசிரியர் சொல்லாக நோக்குவர். அவை எங்கு, எக்காலத்து, எத்துணை மிகுதியாக வருகின்றன என்று எண்ணி நோக்கின், சமுதாய அமைப்பின் மாற்றமே அவற்றுள் பொதிந்திருத்தல் புலனாகும். இம்முறை புள்ளியியல் தந்தது. பொருள்கோள் தமிழறிவு தந்தது. இவற்றுள் ஒன்று இன்றேல் மற்றொன்று ஊமையாகும். இவ்வறிஞரே பின்னாளில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராகவும் விளங்கினார் என்பது நினைக்கத் தக்கது.

எல்லை காத்தல்

துறைகள் கலத்தல் வேண்டும் என்றதனால், எல்லாரும் எல்லாம் பேசலாம் என்பது பொருளன்று. ஒவ்வொரு துறைக்கும் தனக்கெனச் சான்று உண்டு. அச்சான்றுக்கு எல்லையும் உண்டு.

முசிறியை எடுத்துக்கொள்வோம். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட செய்தி அகநானூற்றில் உண்டு. ஆசுதிரியத் தலைநகராகிய வியன்னாவில் உள்ள கி. பி. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரசு ஏடு 1985இல் வெளியிடப்பெற்றது. அதில் முசிறி வாணிகம் பற்றிய கடன் ஒப்பந்தமும், கலத்தில் வந்த நறுமணப் பொருள், யானைத் தந்தம் முதலியவற்றின் மதிப்பும் காணப்படுகின்றன. 2007 முதல் கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரில் நிகழ்ந்த அகழாய்வில் உரோமானிய மட்கல உடைவுகள் கிடைத்தன. பாடல் விலையைக் கூறவில்லை. ஒப்பந்தம் ஆற்றின் நுரையைக் கூறவில்லை. மண் தன் பெயரைக் கூறவில்லை. ஆகலின், பட்டணமே முசிறி என்பாரும், அதனை ஐயுறுவாரும் இன்றும் உளர். மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்குதல் ஆராய்ச்சி. ஒன்றன் இடைவெளியை மற்றொன்றன் மேல் கொண்ட ஆர்வத்தால் நிரப்புதல் ஆராய்ச்சியாகாது. தமிழின் பெருமையை நிலைநாட்ட வேண்டும் என்னும் விழைவு நம் அனைவர்க்கும் உண்டு. அவ்விழைவு சான்றுக்குப் பின் நடத்தல் வேண்டும்; முன் நடத்தல் ஆகாது.

வகுப்பறைக்குத் திரும்புதல்

யாம் கலந்துகொண்ட ஒரு கருத்தரங்கில் ஒரே வேளையில் மூன்று அறைகளில் கட்டுரைகள் படிக்கப்பெற்றன. கல்வெட்டாய்வார் கல்வெட்டாய்வார்க்கே படித்தனர். இலக்கியம் வல்லார் இலக்கியம் வல்லார்க்கே படித்தனர். எம் அறையில் ஒருவர் ஒரு பழஞ்சொல் பற்றி எழுப்பிய ஐயத்திற்கு விடை கிடைக்கவில்லை. உணவு வேளையில் உரையாடியபொழுது, அச்சொல் வரும் கல்வெட்டொன்று அடுத்த அறையில் அதே நேரத்தில் விளக்கப்பட்டது என்று அறிந்தோம். இடையில் இருந்தது ஒரு சுவர், அவ்வளவே. நம் பல்கலைக் கழகங்களிலும் துறைக்கும் துறைக்கும் இடையே இத்தகைய சுவர்கள் பல உள.

மாநாடுகளால் நிலையான பயன் விளையவில்லை என்று யாம் கூறவில்லை. 1968ஆம் ஆண்டு மாநாட்டின் விளைவாக 1970இல் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தோன்றிற்று. மதுரை மாநாட்டை ஒட்டி 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக் கழகம் தோன்றிற்று. கலை, சுவடி, வளர்தமிழ், மொழி, அறிவியல் என ஐந்து புலங்களாக அதனை வகுத்தமை துறையிடை நோக்கத்தின் வெளிப்பாடே. ஆயினும், நிறுவனம் அமைத்தல் அரசின் செயல். அதன் பயனைக் கல்வியாக மாற்றுதல் ஆசிரியர் செயல்.

அதற்கு வழிகள் அரியன அல்ல. முதுகலைத் தமிழ் மாணவன் ஒருவன் பட்டம் பெறுமுன் தமிழ் பிராமியையும் வட்டெழுத்தையும் படிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். அவற்றை அச்சுப்படியில் அன்றிப் பாறையிலேயே ஒருமுறை படித்திருத்தல் வேண்டும். ஐந்திணை கற்பிக்கும் ஆசிரியர் செடியியல் ஆசிரியரை வகுப்புக்கு அழைத்தல் வேண்டும். குறிஞ்சியும் நொச்சியும் ஞாழலும் பெயராக நின்றுவிடாது கண்முன் நிற்றல் வேண்டும். முனைவர் பட்ட ஆராய்ச்சியில் துறையிடைப் பொருளை எடுத்தோர்க்கு இரு துறை ஆசிரியரும் வழிகாட்டுதல் வேண்டும். மாநாட்டில் கட்டுரைக்கு ஒதுக்கும் நேரத்தினும் வினாவுக்கு ஒதுக்கும் நேரம் குறையாதிருத்தல் வேண்டும். எழுந்த வினாவும் மறுப்பும் கட்டுரையோடு சேர்த்து அச்சிடப்பெறுதல் வேண்டும். கட்டுரை ஒருவர் கண்டது. அதன்மேல் எழுந்த வினாவே மாநாடு தந்தது.

முடிவுரை

1924இல் ஒரு மாநாட்டில் படிக்கப்பெற்ற கட்டுரையின் உண்மை தமிழ் வகுப்பறையை வந்தடைய நாற்பதாண்டுக்கு மேலாயிற்று. அதற்குள் பல தலைமுறை மாணவர் சங்கப் பாடலுக்குக் கல்லில் சான்று உண்டு என்பதை அறியாமலே பட்டம் பெற்றுச் சென்றனர். உண்மை இல்லாமையால் அன்று. அதனைக் கொண்டுசேர்ப்பார் இல்லாமையால். மாநாடு உண்மையைக் கூட்டத்தில் வைக்கின்றது. அதனைக் கொண்டுசேர்க்கும் கடமை நம்முடையது. உலகத் தமிழ் மாநாட்டுக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகள் கல்வியியல் கற்பித்தவர் என்பதை நினைவிற்கொள்வோமாயின், மாநாட்டின் இறுதிநாள் எது என்பதும் விளங்கும். நிறைவுரை நிகழ்த்தும் நாளன்று அது. அங்குக் கேட்டதை மாணவர்முன் கரும்பலகையில் எழுதும் நாளே அதன் இறுதிநாள்.