டி. எஸ். பாலையா

டி. எஸ். பாலையா (ஆகஸ்ட் 23, 1914 – ஜூலை 22, 1972) தமிழ் நாடக, திரைப்பட நடிகர். 1936-இல் வெளியான சதி லீலாவதி இவரது முதல் படம். அதிலிருந்து ஏறத்தாழ 36 ஆண்டுகள் வில்லன், கதாநாயகனின் நண்பன், குணச்சித்திர நடிகர், நகைச்சுவை நடிகர் என எல்லா வகை வேடங்களிலும் நடித்தார். காதலிக்க நேரமில்லை விசுவநாதன், திருவிளையாடல் ஹேமநாத பாகவதர், தில்லானா மோகனாம்பாள் தவில் வித்துவான் முத்துராக்கு ஆகியவை இவரது புகழ்பெற்ற வேடங்கள்.

இந்த மூன்றும் 1964-இலும் அதற்குப் பின்னும் வந்தவை. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்படும் நகைச்சுவைக் காட்சிகள் வழியே இவரை அறிந்தவர்கள், பாலையாவை ஒரு நகைச்சுவை நடிகராகவே எண்ணுகிறார்கள். உண்மையில் அவரது திரை வாழ்க்கையில் முக்கால் பங்கு அதற்கு முன்பே கழிந்துவிட்டது. அதில் பெரும்பகுதியில் மக்கள் அவரை வெறுக்கவேண்டிய மனிதராகவே பார்த்தார்கள். பிற்காலச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதை அந்த வில்லன் வேடங்களைத் தெரிந்துகொண்டால்தான் புரிந்துகொள்ள முடியும்.

தொடக்கம்

பாலையா இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சுண்டங்கோட்டையில் பிறந்தார். அன்று அது திருநெல்வேலிச் சீமை. அக்கால நடிகர்கள் பலரைப் போலவே இவரும் நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர்.

சதி லீலாவதியை இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். கதை எஸ். எஸ். வாசனுடையது. எம். கே. ராதா கதாநாயகன். எம்.ஜி.ஆர்., என். எஸ். கிருஷ்ணன் ஆகியோருக்கும் இதுவே முதல் படம். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது சிறிய காவல் அதிகாரி வேடம். பாலையாவுக்கோ கதாநாயகனைக் கெடுக்கும் வில்லன் வேடம். முதல் படத்திலேயே எம்.ஜி.ஆரைவிடப் பெரிய வாய்ப்பு பாலையாவுக்குத்தான் அமைந்தது.

அடுத்த ஆண்டு அதே டங்கன் இயக்கிய அம்பிகாபதி வந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் கம்பரின் மகனாக நடித்தார். இளவரசியை அடையத் துடிக்கும் தளபதி ருத்திரசேனன் பாலையா. ஒரு படத்தில் பத்து இருபது பாட்டுகள் இருந்த காலம் அது. கதாநாயகன் பாடியே மக்களை வசப்படுத்திவிடுவார். வில்லனுக்குப் பாட்டு கிடையாது. அவன் தன் இருப்பை வசனத்தாலும் முகத்தாலும்தான் காட்டவேண்டும். பாலையா பேச்சை ஆயுதமாக்கிக்கொண்டது இந்த நெருக்கடியில்தான் என்று கருத இடமிருக்கிறது. சொல்லை இழுப்பது, நடுவில் நிறுத்துவது, எதிராளியைப் பேசவிட்டு ஓரக்கண்ணால் அளப்பது ஆகிய பழக்கங்களைக் கடைசிப் படங்கள் வரை காணலாம்.

வில்லனும் நண்பனும்

நாற்பதுகளில் தமிழ்ப் படங்கள் பல சேலத்திலும் கோவையிலும் தயாராயின. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் நிறுவனம் எடுத்த ராஜகுமாரி (1947) எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம். அதில் பாலையாவும் நடித்தார். ஒரே படத்தில் அறிமுகமான இருவரில் ஒருவர் நாயகன் பாதையில் ஏறினார். மற்றவர் எதிர்வரிசையிலேயே நின்றார். 1956-இல் மதுரை வீரன் வந்தபோதும் எம்.ஜி.ஆர். வீரன், பாலையா சூழ்ச்சிக்கார நரசப்பன்.

இதற்கிடையே வந்த வேலைக்காரி (1949) தனித்துச் சொல்லவேண்டிய படம். சி. என். அண்ணாதுரையின் நாடகத்தை ஏ. எஸ். ஏ. சாமி இயக்கினார். தந்தையின் சாவுக்குக் காரணமான வேதாசல முதலியாரைக் கொல்லத் துடிக்கும் ஆனந்தன் வேடத்தில் கே. ஆர். ராமசாமி நடித்தார். அவனைத் தடுத்து, பகையை அறிவால் தீர்க்கச் சொல்லித் திட்டம் வகுக்கும் நண்பன் மணி பாலையா. அண்ணாவின் கொள்கைக் குரலைப் படத்தில் பேசுபவன் இந்த மணி. அதுவரை சதி செய்யும் மூளையாக மக்கள் பார்த்த அதே பாலையாவின் மூளை இங்கே நல்லவன் பக்கம் வேலை செய்கிறது. அந்தத் தந்திரப் பார்வையையும் அமைதியான பேச்சையும் அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. மணி வெறும் அறிவுரைப் பாத்திரமாகிவிடாமல் தப்பியது அதனால்தான்.

தூக்குத் தூக்கி (1954) படத்தில் வடநாட்டுச் சேட்டாக வந்து கொச்சைத் தமிழில் பேசினார். பெண்பித்தும் வஞ்சகமும் உள்ள வேடம்தான், ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுக் கொட்டகை சிரித்தது. பாலையாவிடம் வில்லனும் கோமாளியும் ஒரே ஆளாக இருக்கமுடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குணச்சித்திர வேடங்கள்

திரைத் தொழில் சென்னையில் குவிந்தபோது ஜூபிடர் நிறுவனமும் அடையாறு நெப்டியூன் ஸ்டுடியோவுக்கு வந்தது. பிற்காலத்தில் சத்யா ஸ்டுடியோ ஆனது அதுவே. இன்று அந்த இடத்தில் பெண்கள் கல்லூரி இருக்கிறது. இன்றைய அசோக் நகரை ஒட்டிய வடபழனியில் வாகினி, ஏ.வி.எம். தளங்கள் இயங்கின. ராஜா ராணிக் கதைகள் குறைந்து குடும்பக் கதைகள் பெருகின. வாள் வீசிய வில்லன்கள் பலருக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. பாலையாவுக்கு அந்த நிலை வரவில்லை. ஏ. பீம்சிங் இயக்கிய பாகப்பிரிவினையில் (1959) அவர் அண்ணன், எஸ். வி. சுப்பையா தம்பி. மனைவி பேச்சுக்கு ஆடிக் கூட்டுக் குடும்பத்தைப் பிரிக்கும் அந்த அண்ணனைக் கெட்டவன் என்று ஒதுக்கவும் முடியாது, மன்னிக்கவும் மனம் வராது. பல வீடுகளில் இருந்த பெரியப்பா அவர்.

காதலிக்க நேரமில்லை

1964-இல் ஸ்ரீதரின் சித்ராலயா எடுத்த இந்தப் படத்தில் பாலையா சின்னமலை எஸ்டேட் முதலாளி விசுவநாதன். பணத்தைக் கண்டால் வளைபவர். அவர் மகன் செல்லப்பா (நாகேஷ்) ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்ற பெயரில் படக் கம்பெனி வைத்து அப்பாவிடம் பணம் கேட்பவன்.

செல்லப்பா அப்பாவுக்குத் தன் திகில் கதையைச் சொல்லும் காட்சி தமிழ்த் திரையின் மிகச் சிறந்த நகைச்சுவைக் காட்சிகளுள் ஒன்று. இருட்டு, சத்தம், கதவு என்று குரலாலும் உடம்பாலும் பயமுறுத்துபவர் நாகேஷ். பாலையாவுக்குப் பெரிதாக வசனமே இல்லை. அவர் கேட்கிறார், அவ்வளவுதான். முதலில் அலட்சியம், பிறகு ஆர்வம், பிறகு அசட்டுத் தைரியம், கடைசியில் வெளிப்படையான நடுக்கம் என்று அந்த முகம் படிப்படியாக இறங்குகிறது. அன்று கொட்டகையில் இருந்தவர்கள் கால் நூற்றாண்டாக இந்த முகத்தைப் பார்த்துப் பயந்தவர்கள். அந்த மனிதரே நாற்காலியில் ஒடுங்கிப் பயப்படுவதைக் கண்டபோது அவர்களுக்கு வந்த சிரிப்பு, துணுக்காக மட்டும் பார்க்கும் நமக்குப் பாதிதான் கிடைக்கிறது. இந்தப் படம் இந்தியில் பியார் கியே ஜா (1966) என வந்தபோது மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் இவ்வேடங்களை ஏற்றார்கள். ஓம் பிரகாஷ் தேர்ந்த நடிகர். ஆனால் அவருக்குப் பின்னால் ருத்திரசேனனோ நரசப்பனோ இல்லை.

தான் விரட்டிய அசோக் என்னும் இளைஞன் பெரிய பணக்காரரின் மகன் என்று நம்பும் காட்சியும் குறிப்பிடத்தக்கது. பெயரை ‘அசோகரு’ ஆக்கி, அது போதாமல் மகனை ‘மகரு’ ஆக்குகிறார். ஒரே விகுதியில் ஒரு மனிதரின் பேராசை முழுவதையும் காட்டிவிடுகிறார்.

இசைக்கலைஞர் வேடங்கள்

ஏ. பி. நாகராஜன் இயக்கிய திருவிளையாடலில் (1965) பாண்டிய நாட்டையே தன் இசைக்கு அடிமையாக எழுதித்தரச் சொல்லும் ஹேமநாத பாகவதராக நடித்தார். பரஞ்சோதி முனிவரின் நூலில் விறகு விற்ற படலமாக உள்ள கதை இது. ‘ஒரு நாள் போதுமா’ பாடலைப் பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. மிகக் கடினமான சங்கதிகளுக்குப் பாலையா வாயசைத்த விதமும், அவையை அளந்த பார்வையும், பாடுபவர் அவரேதான் என்று நம்பவைத்தன. பின்னர் விறகுவெட்டியாக வந்த சிவனின் பாட்டைக் கேட்கும்போது அந்த மிடுக்கு முழுவதும் முகத்திலிருந்து வடிந்துவிடுகிறது. இங்கும் அவர் செய்வது கேட்பதுதான். இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போகும் பாகவதர் மேல் நமக்கு இரக்கமே வருகிறது.

கொத்தமங்கலம் சுப்புவின் நாவலைத் தழுவிய தில்லானா மோகனாம்பாளில் (1968) சிவாஜி கணேசனின் நாதசுரத்துக்குப் பக்கத்தில் தவிலோடு உட்கார்ந்திருப்பவர் பாலையா. கோபக்காரச் சண்முகசுந்தரத்தைத் தாங்கிப்பிடிக்கும் மூத்த துணை இந்த முத்துராக்கு. காயத்தோடு வாசிக்கும் நாயகனிடம் மோகனா நலம் விசாரித்து ஆடும் காட்சியில், தவிலை அடித்துக்கொண்டே இருவர் மனதையும் உணர்ந்து உருகும் அவர் கண்களைத் தனியாகக் கவனித்துப் பார்க்கலாம்.

பிற படங்களும் குடும்பமும்

1967-இல் கே. பாலசந்தரின் பாமா விஜயத்தில் வரவுக்கு மேல் செலவு செய்யும் மூன்று மகன்களின் தந்தையாகவும், ஸ்ரீதரின் ஊட்டி வரை உறவில் சிவாஜியின் தந்தையாகவும் நடித்தார். 1972 ஜூலையில் 57 வயதில் காலமானார்.

இவருடைய மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் நடித்தார். கரகாட்டக்காரன் (1989), சாட்டை (2012) ஆகியவை அவர் நடித்த படங்களில் சில. அவர் 2023 நவம்பர் 2 அன்று சென்னையில் காலமானார்.