பெரியம்மாவுக்கு மெடிகேர் எப்போ வரும்?

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அண்ணன். பெரியம்மா பையன், நியூ ஜெர்சில இருக்கார். 2025 மே மாசம், ராத்திரி பதினோரு மணிக்கு போன். "டேய், நீ மெடிகேர்லதானே வேலை பாக்குற? அம்மாவுக்கு 71 ஆச்சு, இன்னும் கார்டு வரல. என்னன்னு பாரு."

நான் வேலை பாக்குறது ஓஎம்ஆர்ல. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் அனுப்புற கிளெய்ம் ஃபைல்ல தப்பு இருக்கான்னு பாக்குற கோடு எழுதுறேன், அவ்வளவுதான். ஆனா அந்த டேட்டாவுல ஒரு காலம் உண்டு: இவருக்கு மெடிகேர் முதல்ல எதனால கிடைச்சது? 0ன்னா வயசு. 1ன்னா மாற்றுத்திறனாளி. 2ன்னா சிறுநீரகம் செயலிழந்தவர். 3ன்னா பின்னாடி சொன்ன ரெண்டும்.

1965 ஜூலை 30 அன்னைக்கு ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டப்போ 0 மட்டும்தான் இருந்தது, 65 வயசு தாண்டினவங்க. மத்தவங்களைச் சேர்த்தது 1972 சட்டம். அந்த 1க்குப் பின்னாடி ஒரு கொடுமை இருக்கு. வேலை செய்ய முடியாம போனவருக்கு சோஷியல் செக்யூரிட்டி பணம் வரவே முதல்ல அஞ்சு மாசம் காத்திருக்கணும். பணம் வர ஆரம்பிச்சு 24 மாசம் கழிச்சுத்தான் மெடிகேர். ஆக மொத்தம் 29 மாசம். வைத்தியம் ரொம்பத் தேவைப்படுற காலமே அதுதான். ஏஎல்எஸ் நோயாளிகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு இல்ல.

சரி, பெரியம்மா கதைக்கு வருவோம். '65 ஆனா தானா வந்துடும்'னு அண்ணன் நினைச்சிருந்தார். அது அமெரிக்காவுல பத்து வருஷம், அதாவது 40 காலாண்டு, வேலை பார்த்து வரி கட்டினவங்களுக்கு. கணவனோ மனைவியோ கட்டியிருந்தாலும் செல்லும். மகன் கட்டினது கணக்குல வராது. அப்படி யாரும் கட்டாத கிரீன் கார்டு அம்மா அப்பான்னா, விண்ணப்பத்துக்கு முன்னாடி தொடர்ந்து அஞ்சு வருஷம் அங்கேயே குடியிருந்திருக்கணும். அதுக்கப்புறமும் சும்மா கிடைக்காது, காசு கட்டி வாங்கணும்.

"பெரியம்மா எப்போ வந்தாங்கண்ணா?"

"2020 மார்ச். லாக்டவுனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

நடுவுல ஊருக்கே வரல. அப்போ 2025 மார்ச்ல அஞ்சு வருஷம் முடிஞ்சாச்சு. சேர்றதுக்கு ஏழு மாசம் தருவாங்க: தகுதி வர்ற மாசம், அதுக்கு முன்னாடி மூணு, பின்னாடி மூணு. ஜூன் கடைசியோட கதவு மூடிடும். நாங்க பேசினது மே நடுவுல! விட்டா அடுத்த ஜனவரி வரைக்கும் சேர முடியாது. அதையும் விட்டு முழுசா ஒரு வருஷம் தாமதமானா பார்ட் பி பிரீமியத்துல 10 சதவீதம் கூடும். ஒவ்வொரு வருஷத்துக்கும் இன்னொரு 10. பார்ட் பி வச்சிருக்குற வரைக்கும் அந்த அபராதம் போகாது.

இப்போ செலவு. பார்ட் ஏ ஆஸ்பத்திரியில படுத்தா, பார்ட் பி டாக்டர், டெஸ்ட், படுக்காம பாக்குற வைத்தியம். 2025 கணக்குப்படி, வேலைக் கணக்கே இல்லாதவங்களுக்கு ஏ மாசம் 518 டாலர், பி 185. மொத்தம் 703. அண்ணன் போன்ல கொஞ்ச நேரம் பேசவே இல்ல. மாத்திரைக்கு பார்ட் டி, அது தனி. பார்ட் சின்னா இதையெல்லாம் ஒரு தனியார் கம்பெனி மூட்டை கட்டித் தர்றது, ஆனா அவங்க லிஸ்ட்ல இருக்குற டாக்டர்கிட்டதான் பெரும்பாலும் போகணும்.

எனக்குப் பயம் பிரீமியம் இல்ல, அந்த 20 சதவீதம்தான். பார்ட் பியில 2025ல வருஷத்துக்கு முதல் 257 டாலர் நம்ம பொறுப்பா இருந்தது. அப்புறம் வர்ற பில்லுல அஞ்சுல ஒரு பங்கும் நம்ம தலையில, அதுக்கு உச்சவரம்பே கிடையாது. கீமோதெரபி மாதிரி ஒண்ணு வந்தா யோசிச்சுப் பாருங்க. இந்த ஓட்டையை அடைக்க மெடிகேப்னு தனியார் பாலிசி இருக்கு. பார்ட் பி ஆரம்பிச்ச முதல் ஆறு மாசம் சுகரைக் காட்டியோ முட்டியைக் காட்டியோ மாட்டேன்னு சொல்ல முடியாது. அது தாண்டினா பெரும்பாலான மாநிலங்கள்ல சொல்லலாம். பெரியம்மாவுக்கு சுகரும் உண்டு, முட்டியும் உண்டு.

மே கடைசிக்குள்ள விண்ணப்பிச்சாங்க, ஜூன் 1ல இருந்து ஏ, பி ரெண்டும் ஓடுது. மெடிகேப்புக்கு நவம்பர் 30 வரைக்கும் டைம்னு அண்ணன் காலண்டர்ல நானே போட்டு வச்சேன்.

கார்டு வந்த அன்னைக்குப் பெரியம்மா வீடியோ கால்ல வந்தாங்க.

"ஏன்டா, இதுல பல் செட்டு கட்டிக்கலாமா?"

"இல்ல பெரியம்மா, பல்லுக்குக் கிடையாது."

"கண்ணாடி?"

"சாதாரணக் கண்ணாடிக்கும் கிடையாது."

"காது மெஷின்?"

"அதுவும் இல்ல."

"சரி, பொங்கலுக்கு ஊருக்கு வர்றேன். நம்ம மாம்பலம் டாக்டர்கிட்ட பல்லுக்குச் சொல்லி வை. அப்படியே முட்டியும் அங்கேயே பண்ணிக்கலாமா?"

"ஐயோ, முட்டி வேணாம் பெரியம்மா! இங்க பண்ணினா மெடிகேர் ஒரு டாலர்கூடத் தராது."