கொல்லங்குடியும் அரியக்குடியும்

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூரில் ஊர்ப்பெயர்களெல்லாம் மனிதர்களாகிவிடும். அரியக்குடி பாணி என்பார்கள், செம்மங்குடியின் பிடி என்பார்கள். அரியக்குடி என்றால் கர்நாடக இசைப் பாடகர் ராமானுஜ ஐயங்கார் என்று சபா வாசலில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காரைக்குடியை ஒட்டிய அந்த ஊர் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தில் காளையார்கோவில் பக்கம் இன்னொரு 'குடி' உண்டு. அந்த ஊரின் பெயரையும் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒரு பாடகிதான். கொல்லங்குடி கருப்பாயி.

2025 ஜூன் 14 அன்று, 99 வயதில், அவர் காலமானார். செய்தி வந்த அன்று சென்னையில் பலருக்கும் நினைவுக்கு வந்தது ஒரே படம்: 'ஆண்பாவம்'. 1985 டிசம்பரில் வெளியான அந்தப் படத்தில் பெரிய பாண்டி, சின்னப் பாண்டி என்ற அண்ணன் தம்பிகளின் பாட்டியாக வந்தார். இயக்கியவர் பாண்டியராஜன், இசை இளையராஜா. பாட்டி வேடத்தில் நடித்தவரே தன் தொண்டையில் பாடவும் செய்தார். நகரத்துத் திரையரங்குகளுக்கு அந்தக் குரல் புதிது. மெருகு ஏற்றாத, நெடுந்தூரம் எட்டுவதற்கென்றே பழகிய குரல்.

அப்போது அவருக்கு ஏறத்தாழ அறுபது வயது. இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். சினிமா பாடகிகள் பெரும்பாலும் இளம் வயதிலேயே மைக் முன் வந்துவிடுகிறார்கள். கருப்பாயியின் இளமைக் குரலோ வயல்காட்டிலும் கோயில் கொடையிலுமே ஒலித்தது. வானொலி அவரை ஓரளவு வெளியே கொண்டுவந்தது. கோடம்பாக்கம் கூப்பிட்டபோது தலை நரைத்துவிட்டது. அவருடைய 'வாழ்க்கைத் தொழில்' 1985இல் தொடங்கியதாக எழுதினால், அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுப் பாட்டை அழித்துவிட்டு எழுதுவதாகிவிடும்.

அந்த நாற்பது ஆண்டுப் பாட்டு எப்படிப்பட்டது? நடவு வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். ஒருத்தி ஓரடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நாற்றை ஊன்றும் கைதான் தாளம், வேறு வாத்தியம் கிடையாது. வரப்பில் யாராவது நடந்து போனால் அவரும் பாட்டுக்குள் வந்துவிடுவார். தாலாட்டு பாடும்போது அந்தந்தக் குழந்தையின் தாய்மாமன் பெயரும் சீரும் உள்ளே நுழையும். ஒப்பாரியில் செத்தவரின் நடை, பேச்சு, அவர் விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் அந்த நிமிஷத்திலேயே அடியாகக் கட்டப்படும். ஏட்டைப் பார்த்துப் பாடுகிற வேலையே இல்லை. மெட்டு பழையது, சொல் புதிது. இதையே ராகத்தில் செய்தால் மனோதர்மம் என்று பெயர் சொல்லி முன்வரிசையில் தலையாட்டுகிறோம். வயலில் குனிந்தபடி செய்பவருக்கும் அந்தச் சொல் முழுக்கப் பொருந்தும் என்றே இந்தக் கட்டுரை கருதுகிறது.

மயிலாப்பூர் இந்தப் பாட்டுகளை அறியாத இடமும் அல்ல. மயிலாப்பூரிலிருந்து வந்த 'கலைமகள்' இதழின் ஆசிரியராக இருந்த கி.வா.ஜகந்நாதன் நாட்டுப்பாடல்களை வாழ்நாள் முழுக்கத் தேடியவர். பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டி வைத்திருந்த பாடல்களை அவர் பதிப்பிக்க, 1958இல் 'மலையருவி' வந்தது. 1964இல் நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வந்தது. பாட்டு புத்தகமானது. ஆனால் தாளில் ஏறிய பாட்டுக்குக் குரல் இல்லை. எழுத்தில் படிக்கும் தெம்மாங்கில் அந்த இழுப்பு எங்கே, மூச்சு எங்கே? கருப்பாயி திரையில் வாய் திறந்தபோது, தாளில் விடுபட்டது என்னவென்று காதுக்குப் புரிந்தது.

பதினேழு ஆண்டுகள் கழித்து அதே கதவு இன்னொரு பாட்டிக்குத் திறந்தது. மதுரையை ஒட்டிய பரவை ஊர்க்காரர் முனியம்மா. கோயில் விழா மேடைகளில் பாடிப் பாடி உரமேறிய குரல். 2003 பொங்கலுக்கு வந்த, தரணி இயக்கிய 'தூள்' படத்தில், ஆற்றைக் கெடுக்கும் ஆலைக் கழிவைப் பற்றி முறையிட ஊரிலிருந்து சென்னைக்கு வருபவர்களில் ஒருவராக வந்தார். கதாநாயகன் விக்ரம் அடிதடியில் இறங்க, வித்யாசாகர் இசையில் 'சிங்கம் போல' என்று கிழவி பாட ஆரம்பிக்கிறார். சண்டைக்காட்சிக்கு ஒரு கிராமத்துப் பாட்டியின் குரலைப் பின்னணியாக்கியது துணிச்சலான யோசனை. வீரனின் கதையைச் சொல்லிப் பாடுவது கிராமக் கோயில்களில் காலங்காலமாக இருக்கிற வழக்கம். அந்த வேகம் முனியம்மாவுக்குப் புதிதில்லை, அதனால்தான் காட்சி பொய்யாகத் தெரியவில்லை. 2014இல், 'மான் கராத்தே' படத்தின் 'ராயபுரம் பீட்டரு' பாட்டில் வடசென்னைத் தாளத்துக்கும் அவர் குரல் சரியாகப் பொருந்தியது.

புகழ் வந்தது. பணம் அந்த அளவுக்கு வரவில்லை. கருப்பாயிக்கு 1993இல் கலைமாமணி விருது கிடைத்தது. ஆனாலும் முதுமையில் அவர் வறுமையில் வாடுவதாகத்தான் செய்திகள் வந்தன. 2015இல் நடிகர் விஷால் உதவ முன்வந்தார். முனியம்மாவும் உடல்நலம் குன்றியபோது, அன்றைய முதல்வர் ஜெயலலிதா 6 லட்சம் ரூபாயை வைப்புத்தொகையாக்கி மாதாமாதம் வட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2007இல் நல வாரியம் அமைந்தது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் வாழ்நாள் முழுக்கப் பாடியவருக்குச் சோறு, செய்தித்தாளில் தன் கஷ்டம் வந்த பிறகுதான் என்றால் மனசு ஆறவில்லை. முனியம்மா 2020 மார்ச் 29 அன்று, ஊரடங்கின் முதல் வாரத்தில், மறைந்தார்.

அடுத்த தலைமுறையின் வழி கொஞ்சம் விசாலமானது. பாடகி சின்னப்பொண்ணும் சிவகங்கைச் சீமைக்காரர்தான். நாட்டுப்புறக் கலை ஆய்வாளர் கே.ஏ.குணசேகரனின் குழுவில் பாடிப் பழகியவர். இவருக்குக் கிழப்பருவம் வரை காத்திருக்க நேரவில்லை. 2008இல் விஜய் ஆண்டனி இசையில் வந்த 'நாக்கு முக்க' அவரை ஊரெங்கும் ஒலிக்கவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2007இல், சென்னை சங்கமம் விழா தொடங்கியிருந்தது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் டிக்கெட் இல்லாமல் கரகமும் தப்பும் தெம்மாங்கும் நடந்தன. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் அப்படியே நின்று கேட்டார்கள். 2015இல் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களின் தெருவிலேயே பறையும் கர்நாடக இசையும் ஒரே விழாவில் சேர்ந்தன. கருப்பாயியின் இளமையில் இப்படியொரு மேடை இருந்திருந்தால் என்ற ஏக்கம் வராமல் இல்லை.

பழைய சபாக் கச்சேரிகளை ஒலிநாடாவில் பிடித்து, எந்தச் சபா, எந்த ஆண்டு, பக்கவாத்தியம் யார் என்று அட்டையில் எழுதிப் பாதுகாத்த ரசிகர்கள் சென்னையில் உண்டு. அரியக்குடியை இன்றும் கேட்க முடிவது அவர்களால்தான். கொல்லங்குடிக்கும் அப்படி ஒரு ரசிகர் வேண்டும். வானொலியில் பாடியவை, ஊர் மேடைகளில் யாரோ கேசட்டில் பிடித்தவை என்று எங்கெங்கோ சிதறிக் கிடப்பதை அவர் தேடி எடுக்க வேண்டும். அதுவரை 'ஆண்பாவம்' இசைத்தட்டில் உள்ள அவருடைய சின்னச் சின்னப் பாட்டுகள் இருக்கின்றன. 'அரசப்பட்டி' என்பதில் தொடங்கலாம்.