ஐந்தடிப் பாதையில் கற்ற கைத்தொழில்

ஜோர்ஜ்டவுன் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை நம் பெரியவர்கள் இன்னும் ‘பிட் ஸ்திரீட்’ என்றுதான் சொல்வார்கள். குவான் இம் கோயில், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் மூன்றும் அடுத்தடுத்து நிற்பதால் சுற்றுப்பயணிகளுக்கு இது நல்லிணக்கத் தெரு. கோபுரத்தையும் குவிமாடத்தையும் படம் பிடித்துக்கொண்டு நகர்கிறவர்கள், அவற்றை ஒட்டி வளர்ந்த கைத்தொழில்களை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கோயிலை நம்பி மாலைக்கடை வந்தது. பள்ளிவாசலை நம்பித் தொப்பிக்கடை வந்தது. ஒன்றுக்கு நார், மற்றொன்றுக்குத் துணியும் நூலும்.

முதலில் மாலை. குயின் ஸ்திரீட் பக்கம் முகம் வைத்திருக்கும் மாரியம்மன் கோயில் 1833-இல் எழும்பியது. அதன் பின்புறம் இந்தச் சாலையைத் தொடுகிறது. மாலை கட்டுவதில் பூவைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். பாதி வேலை நாரில் இருக்கிறது. வாழைமட்டையை உரித்துக் காயவைத்த நாரை, கட்டுவதற்கு முன் நீரில் நனைத்து, நகத்தால் இழை இழையாகக் கிழித்துக்கொள்ள வேண்டும். ஈரம் போதாவிட்டால் அறுந்துபோகும். அதிகமானால் முடிச்சு வழுக்கும். இந்தப்பக்கம் இரண்டு பூ, அந்தப்பக்கம் இரண்டு பூ, மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுருக்கு. மெல்லிய நூலை அதே வேகத்தில் இழுத்தால் மல்லிகைக் காம்பை அறுத்துவிடும். நார் தட்டையாக இருப்பதால் காம்பை அணைத்துப் பிடிக்கும். கேமரன் மலைச் செவ்வந்திக்கும் ரோஜாவுக்கும் ஊசியும் நூலும் போதும், அவற்றைக் கோக்கலாம். தொடுப்பது வேறு, கோப்பது வேறு, கட்டுவது வேறு என்று தமிழ் தனித்தனிச் சொல் வைத்திருப்பது இதனால்தான்.

தொப்பிக்கு வருவோம். காதர் முகைதீன் என்ற கப்பித்தான் முன்னின்று 1801-இல் எழுப்பிய பள்ளிவாசலிலிருந்து சூலியா ஸ்திரீட் வழியே சற்று நடந்தால், கிங் ஸ்திரீட் முனையில் நாகூர் தர்கா. அதன் வெளிச்சுவரை ஒட்டிய சிறு கடைகளில் சொங்கோக் தைப்பது பழைய வழக்கம். நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் கப்பலில் துணிமூட்டை கொண்டுவந்தவர்களின் தெரு அது. மலாய்க்காரர்கள் கட்டும் ‘பெலிக்காட்’ கைலிக்குப் பேர் கொடுத்ததே நம் பழவேற்காடுதான்!

சொங்கோக் பார்க்க எளிமையானது. வெளியே வெல்வெட், உள்ளே வழவழப்பான துணி, நடுவில் விறைப்புக்குக் காகிதம். ஆனால் வெல்வெட்டுக்கு மயிர்ப்போக்கு உண்டு. மேல்மூடியும் சுற்றுப்பட்டையும் வெவ்வேறு போக்கில் வெட்டப்பட்டால், ஒரே கறுப்புத் துணி இரண்டு நிறமாகத் தெரியும். தலை எல்லாருக்கும் ஒரே வட்டமாகவும் இருப்பதில்லை. அளவெடுத்துத் தைத்த தொப்பி நெற்றியை அழுத்தாது. தொழிற்சாலைத் தொப்பி விலை குறைவு, நெற்றியில் கோடு போடுவது இலவசம்.

இந்த நுணுக்கங்களை யாரும் எழுதி வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கடை முன்னே ஐந்தடி நடைபாதை. வேலை அங்கேயே நடக்கும். கடைப்பையன் முதலில் நாரை நனைப்பான், பிறகு கிழிப்பான், பிறகுதான் பூவைத் தொடுவான். பக்கத்துக் கடைச் சீனப்பிள்ளையும் நின்று பார்க்கும். கல்லாப்பெட்டி, வாடிக்கையாளரின் முணுமுணுப்பு, பெருநாள் அவசரம் எல்லாம் பாடத்தோடு சேர்ந்தே வரும்.

இந்த ஏற்பாடு குலைந்ததற்கு இளைஞர்களின் ஆர்வக்குறைவை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கடைவீடுகளின் வாடகையைப் பல்லாண்டு தாழ்வாகவே வைத்திருந்தது. அது நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு இல்லை. 2008 ஜூலை 7-இல் ஜோர்ஜ்டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. கட்டடங்களுக்கு வெள்ளையடித்தார்கள்; காப்பிக்கடைகளும் தங்கும் விடுதிகளும் வந்தன. ஒரு நாள் முழுக்கக் குனிந்து தைத்துச் சில தொப்பி விற்கிறவர் அந்த வாடகைக்கு ஈடுகொடுப்பது கடினம். அவர் போனால் கடையோடு பள்ளிக்கூடமும் போகிறது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் பினாங்கு ஹெரிட்டேஜ் டிரஸ்ட் 2009-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மூத்த கைவினைஞரிடம் கற்றுக்கொள்பவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் நோக்கம். இதில் எனக்குப் பிடித்தது, சாதி, மொழி, குடும்பம் என்ற வேலியை அது தாண்டுவது. அப்பன் தொழில் மகனுக்கு என்றிருந்த காலத்தில் மகன் வேண்டாமென்றால் தொழில் அங்கேயே முடிந்துவிடும். கழகம் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் யார் வீட்டுப் பெண்ணும் வந்து உட்காரலாம்.

ஆனால் வார இறுதி வகுப்பில் முடிச்சு வரும், வேகம் வராது. தைப்பூசத்தில், வெள்ளி ரதத்தோடு 2017 முதல் தங்க ரதமும் வலம் வரும் ஊர் இது. அந்த நாட்களில் விடிய விடிய மாலை கட்டும் கையை இரண்டு மணி நேர வகுப்பு உண்டாக்கிவிடாது. கற்றவர் தொடர்ந்து கட்ட ஓர் இடமும், கட்டியதை வாங்க ஓர் ஆளும் வேண்டும். இங்கே கோயில் நிர்வாகங்கள் நினைத்தால் முடியும். மண்டபத்தில் மாதம் ஒரு மாலைப்பொழுது ஒதுக்கி, பயிற்சியாளர் கட்டியதையே அன்றைய பூசைக்கு விலைகொடுத்து எடுத்துக்கொள்ளலாம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பூமாலையும் பட்டுச் சேலை போல ஊர்ப்பேர் சொல்லும் கைவினைப் பொருள். இங்கே அதைப் பூக்கடைச் சில்லறை வேலையாகவே பார்க்கிறோம்.

நேரில் பார்க்க நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமை போகாதீர்கள். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கூட்டம் வரும் நாள், கடைக்காரருக்குப் பேச நேரமிராது. வார நாளில் பிற்பகல் போய், முழம் இரண்டு வாங்கிக்கொண்டு, நாரா நூலா என்று கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.